உன் இடது கண் வாசிக்க

ஆத்தா,

முந்தாநாள் நீ போனில் கேட்டபோது, "சிக்னல் விட்டு விட்டு வருது, அப்புறம் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னலெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. உன் வீட்டு மிக்ஸி ஓடுவதுகூடக் கேட்டது. என் பேத்தி யாழினியின் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை செய்ததையும், இடது கண்ணில் பார்வை குறைவு என்று எழுதிக் கொடுத்ததையும், கண்ணாடி போட்டு நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப்போட்டு மறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய். பின்னால் இருந்து உன் மாமியார், "பொட்டப் புள்ளைக்கு இப்பவே எதுக்குங் கண்ணு, கண்ணாடி? வளர வளரத் தன்னால சரியாயிரும்" என்றார்கள். மாப்பிள்ளையும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்கிறார் என்றாய். கடைசியாக, "நீங்க என்னப்பா சொல்றீக? நீங்க சொன்னா இங்கன கேப்பாக" என்றாய். அந்த இடத்தில்தான் எனக்கு சிக்னல் போயிற்று. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு என் குரல் எப்போது பொய் சொல்லும் என்று தெரியும். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு நம் ஏலக்காய்க் கிட்டங்கி ஞாபகம் இருக்கும். மலையில் இருந்து ஜீப்பில் மூட்டை வந்து இறங்கும் மாதங்களில், பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கேதான் ஓடி வருவாய். பேச்சியம்மாவும் மற்ற பெண்களும் வரிசையாக உட்கார்ந்து தட்டில் ஏலக்காய் ஆய்ந்துகொண்டிருப்பார்கள். பச்சைக்காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வாய் பிளந்தது ஒரு பக்கம், பூச்சி அரித்துச் சொறி பிடித்தது ஒரு பக்கம். நீ பேச்சியம்மா மடியில் தலையை வைத்து வீட்டுப்பாடம் எழுதுவாய். உன் தலைமுடி, உன் நோட்டு, உன் சாப்பாட்டு டப்பா எல்லாம் ஏலக்காய் மணக்கும். ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஒருமுறை, "ஒங்க மக பரீட்சைப் பேப்பரக் கண்ண மூடிட்டே எடுத்துருவேன், வாசம் காட்டிக் கொடுத்துரும்" என்று சொன்னபோது உனக்கு எவ்வளவு பெருமை! இப்போதும் சாயந்திர வெயில் கிட்டங்கி வாசலில் விழும்போது, பை தோளில் இருந்து நழுவ நழுவ நீ ஓடி வருவது போல இருக்கிறது. அந்த நாட்களை நினைத்துத்தான் என் பொழுது போகிறது. நினைக்க நினைக்க இனிக்கிறது, கூடவே உறுத்துகிறது. ஏன் என்று சொல்லத்தான் போகிறேன்.

நம் குடும்பத்துக்குக் கண்தான் சொத்து என்று நான் மார்தட்டியதை நீ சின்ன வயசில் இருந்து கேட்டிருக்கிறாய். தட்டில் ஒரு பிடி காயைப் போட்டுக் காட்டினால் எந்த மலைச் சரக்கு, எத்தனை நாள் வைத்தது, எந்தச் சூட்டில் காய வைத்தது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். போடி பஜாரில் எனக்கு அந்தப் பேர் உண்டு. ஏலக்காய் வியாபாரத்தில் கண்ணாடி போட்டவனைக் கண்டால் நாங்கள் கண்ணடித்துச் சிரிப்போம், "அண்ணாச்சிக்கு மூக்குல ஜன்னல் வந்துருச்சு" என்று. அந்தத் திமிரோடுதான் உன்னை வளர்த்தேன்.

உன்னைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. நீ கொட்டாத பாத்திரம் இல்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு இரண்டு விரல் தள்ளித் தரையில் ஊற்றுவாய். பந்தைத் தூக்கிப் போட்டால் அது உன் மூக்கில் பட்ட பிறகுதான் கையை நீட்டுவாய். ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் அழுதுவிடுவாய். "கண்ண எங்கன வச்சிருக்க? பொடனியிலயா?" என்று உன் அம்மா கத்துவாள். நான் உனக்கு 'கொட்டி' என்று பேர் வைத்தேன். தெருவே அப்படிக் கூப்பிட்டது. நீயும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாய். அப்புறம் நீயாகவே ஒரு வழி கண்டுபிடித்தாய். செம்பின் வாயை டம்ளர் விளிம்பில் 'டிங்' என்று தொட்டுவிட்டு ஊற்றுவது. இன்றைக்கும் எனக்குக் காபி ஊற்றும்போது நீ அப்படித்தான் செய்கிறாய். வருகிறவர்கள் அதை ஏதோ அழகான பழக்கம் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு முறை அந்தச் சத்தம் கேட்கும்போதும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வதை நீ கவனித்ததில்லை.

நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது உன் பள்ளிக்கூடத்துக்கும் கண் பரிசோதனைக்காரர்கள் வந்தார்கள். ஒரு சீட்டு எழுதி உன் கையில் கொடுத்தார்கள். நீ அதை வீட்டுக்குக் கொண்டு போகாமல், வழக்கம் போலக் கிட்டங்கிக்கு ஓடி வந்து என்னிடம் கொடுத்தாய். "வலது கண் சரி. இடது கண் பார்வை மிகக் குறைவு. உடனே கண் மருத்துவரிடம் காட்டவும்" என்று இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார் வீட்டுப் பிள்ளைக்கு யார் கண் குறை சொல்வது? அப்போது நான் செய்ததை எந்த ஊர் அப்பனும் செய்திருக்க மாட்டான். ஏலக்காய்க்காரன் மட்டும்தான் செய்வான். ஒரு தட்டில் நாலு தரத்தையும் கலந்து கொட்டி உன் முன்னால் வைத்தேன். "ஏத்தா, இதப் பிரி பாப்போம்" என்றேன். நீ தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, ஒரு காய் மாறாமல் பிரித்து வைத்தாய். சொறிக்காயில் ஊசி முனை அளவு புள்ளி இருந்ததைக்கூடப் பொறுக்கி எடுத்தாய். பேச்சியம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். "இந்தக் கண்ணுக்கா கொற?" என்று நான் கிட்டங்கி அதிரச் சிரித்தேன். உனக்கு டீக்கடையில் பால்பன் வாங்கிக் கொடுத்தேன். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு நீ பிரித்தாய், ஆத்தா. வேலை முழுக்க வலது கண் பார்த்தது. இடது கண் சும்மா உட்கார்ந்திருந்தது. உன் வலது கண்ணை என் உள்ளங்கையால் ஒரு நிமிஷம் பொத்தியிருந்தால் போதும், எல்லாம் தெரிந்திருக்கும். அது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை. தெரிந்துகொள்ள எனக்கு விருப்பம் இல்லை. ஏழு வயசுப் பெண்பிள்ளை கண்ணாடியோடு போனால் பஜாரில் என்ன பேசுவார்கள், பின்னால் மாப்பிள்ளை பார்க்கும்போது என்ன சொல்வார்கள் என்றெல்லாம் என் மனசு ஓடியது. முந்தாநாள் உன் மாமியார் சொன்ன அதே வார்த்தைதான், அப்போது என் மண்டைக்குள் என் குரலில் ஓடியது. அதனால் அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சீட்டு வந்ததை உன் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. நீயும் பால்பன் ருசியில் அதை மறந்துபோனாய்.

அப்புறம் நீ கல்லூரி முடித்து சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்குத் தயாரானாய். விடியற்காலையில் எழுந்து நீ மைதானத்தைச் சுற்றி ஓடியதை நான் வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். எழுத்துத் தேர்வில் பாஸ். ஓட்டத்தில் பாஸ். மருத்துவப் பரிசோதனையில் கண்ணில் நின்றுவிட்டது. தேனியில் டாக்டரிடம் போனோம். உன் வலது கண்ணை மறைத்துவிட்டு எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார். மேலே இருக்கும் பெரிய எழுத்தை மட்டும் சொல்லிவிட்டு, "மத்தது தெரியல சார், கலங்கலா இருக்கு" என்றாய். இதற்குச் சோம்பேறிக் கண் என்று பேர், இனிக் கண்ணாடி போட்டாலும் பெரிதாக மாறாது என்றார். "சின்ன வயசுல யாரும் பார்க்கலையா?" என்று என்னைத்தான் கேட்டார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "யாருக்குத் தெரியும் டாக்டர், பிள்ளை நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். வீடு திரும்பும் பஸ்ஸில் உனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழுது முடித்துவிட்டு நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "விடுங்கப்பா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" பஸ் போடி வந்து சேரும்வரை நான் வாய் திறக்கவில்லை. வேலை போன வருத்தத்தில் அப்பா ஊமையாகிவிட்டார் என்று நீ நினைத்துக்கொண்டாய்.

என் கண்ணுக்கும் காலம் வந்தது. நாற்பதைத் தாண்டியதும் பேப்பரைக் கை நீட்டிப் பிடித்தால்தான் எழுத்துத் தெரிந்தது. கை நீளம் பத்தாமல் போனதும் கண்ணாடிக்குப் பதிலாக ஒரு பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காயைச் சோதிக்க என்று சொல்லிக்கொண்டு அதில் பஸ் டிக்கெட்டைப் படிப்பேன். போன வருஷம் நிலைமை இன்னும் மோசம். வருகிற சரக்கெல்லாம் மஞ்சளடித்திருப்பதாக நான் கத்த ஆரம்பித்தேன். பேச்சியம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள்: "மொதலாளி, காயி பச்சையாத்தேன் இருக்கு. ஒங்க கண்ணுதேன் பழுத்துப்போச்சு." கிட்டங்கியே சிரித்தது. தை மாதம் தேனிக்குப் போய் வலது கண்ணில் புரை எடுத்துக்கொண்டேன். கட்டுப் பிரித்ததும் முதலில் பார்த்தது நர்ஸின் பச்சைச் சேலையை. அடேயப்பா, என்ன பச்சை! இடது கண்ணால் பார்த்தால் அதே சேலை டீ கொட்டியது போல இருந்தது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து, மாற்றி மாற்றி அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது அறுபத்திரண்டு வயசில்தான் எனக்கு உறைத்தது.

அந்த ஆஸ்பத்திரியில் கண் அளவெடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். சின்னமனூர்ப் பிள்ளை, உன்னைவிட நாலைந்து வயசு இளையவள். என் பையில் இருந்த பூதக்கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். "இத வச்சே ஒங்களுக்குக் கண்ணுன்னா என்னன்னு காட்டுறேன், வாங்கய்யா" என்று ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினாள். பூதக்கண்ணாடியைப் பிடித்து, அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். தாளில் ஜன்னலும் வெளியே இருந்த வேப்பமரமும் தலைகீழாக, குட்டியாக, இலை இலையாக விழுந்தன! வெளிச்சம் கண்ணின் முன்பக்கமும் உள்ளே இருக்கும் லென்ஸும் வழியாக வளைந்து, பின்னால் விழித்திரையில் இப்படித்தான் கூடுகிறதாம். தாளைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள். மரம் கலங்கியது. கண் நீளமாக இருந்தால் படம் திரைக்கு முன்னாலேயே கூடிவிடும், அதுதான் தூரத்தில் இருப்பது தெரியாத கிட்டப்பார்வை. தாளை முன்னால் தள்ளினாள். மறுபடி கலங்கியது. கண் குட்டையாக இருந்தால் படம் திரைக்குப் பின்னால் போய்த்தான் கூடும், அது கிட்டத்தில் இருப்பது தெரியாத தூரப்பார்வை. நாற்பது வயசுக்கு மேல் லென்ஸ் விறைத்துப்போய் கிட்டத்துக்குத் தக்கபடி உப்ப மாட்டேன் என்கிறது, அதுதான் என் கை நீட்டல். லென்ஸே மங்கினால் புரை. இவ்வளவுதான் விஷயம். இதற்கா நான் இருபது வருஷம் பஜாரில் ஒளிந்து திரிந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

நான் உன்னைப் பற்றிக் கேட்டேன். வேறு யார் பிள்ளையோ போலக் கேட்டேன். அவள் தாளை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "படம் விழுந்தா மட்டும் போதாதுய்யா. அதப் பாக்க மூளை கத்துக்கணும். பிள்ளைக்கு ஒரு கண்ணு தெளிவாவும் ஒரு கண்ணு கலங்கலாவும் இருந்தா, மூளை கலங்கலா வர்றத வேண்டாம்னு தள்ளிரும். தள்ளித் தள்ளி, அந்தக் கண்ணு பாக்கவே கத்துக்காமப் போயிரும். சின்ன வயசுலயே கண்ணாடி போட்டு, நல்ல கண்ண மறைச்சு, இந்தக் கண்ண வேலை வாங்கினா பெரும்பாலும் பிழைச்சுக்கும். ஏழு எட்டு வயசுக்குள்ள நல்லாக் கேக்கும். அதுக்கப்புறம் போகப்போகக் கஷ்டம்." நீ சீட்டைக் கொண்டு வந்தபோது உனக்கு ஏழு வயசு. நான் சொட்டு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வாசலில் இருந்த பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வருகிறதே, ஆபரேஷன் செய்த கண்ணாயிற்றே என்று உன் அம்மா பதறினாள். இரண்டு கண்ணிலும்தான் வந்தது.

சித்திரை லீவுக்கு நீ யாழினியைக் கூட்டி வந்தாய் அல்லவா? நீயும் அம்மாவும் சுருளி அருவிக்குப் போன அன்று அவள் என்னோடு கிட்டங்கியில் இருந்தாள். உன்னைப் போலவே சப்பணமிட்டு, உன்னைப் போலவே நாக்கைத் துருத்திக்கொண்டு, தட்டில் காய் பொறுக்கினாள். பேச்சியம்மா, "அப்படியே ஆத்தாவ உரிச்சு வச்சிருக்கு" என்றாள். விளையாட்டுப் போல அவளது இடது கண்ணைப் பொத்தினேன். அவள் பாட்டுக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினேன். அவளது விரல் தட்டில் அலைந்தது. காய் இல்லாத இடத்தைத் தடவியது. அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, கைய எடுங்க. காயெல்லாம் போயிருச்சு" என்றாள்.

அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ சுருளியில் இருந்து ஈரத்தலையோடு சிரித்துக்கொண்டு வந்தாய். சொன்னால், "ஒங்களுக்கு எப்படிப்பா பொத்திப் பார்க்கத் தோணுச்சு?" என்று கேட்பாய். அதற்குப் பதில் சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டி வரும். வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் பரிசோதிக்காமல் விட்டிருந்தால் நான் இன்னும் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். மகள் கண்ணை விட்டது ஒன்று, பேத்தி கண்ணையும் விடப் பார்த்தது இரண்டு. என்னை என்ன சொல்லித் திட்டினாலும் தகும், ஆத்தா.

நீ கேட்டதற்கு இதுதான் என் பதில். கண்ணாடி போடு. நாளைக்கே போடு. ஒட்டுப்போட டாக்டர் எத்தனை மணி நேரம் சொன்னாரோ அத்தனை மணி நேரமும் போடு. அழுவாள், பிய்த்து எறிவாள், உன் மாமியார் மனம் இளகி எடுத்துவிடப் பார்ப்பார்கள். விடாதே. ஒட்டோடு இருக்கும் நேரத்தில் கலர் பென்சிலைக் கொடு, பாசிமணி கோக்கக் கொடு, ஒரு பிடி ஏலக்காய் அனுப்புகிறேன், பொறுக்கக் கொடு. தண்ணீரைக் கொட்டினால் திட்டாதே. பட்டப்பேர் வைக்க யாரையும் விடாதே. கல்யாணத்துக்கு ஆகாது என்று யாராவது சொன்னால், கண்ணாடி இல்லாமலே கல்யாணம் செய்துகொடுத்த ஒரு பெண்ணின் அப்பன் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறான், அவனிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல். சம்பந்தியம்மா முன்னாலும் மாப்பிள்ளை முன்னாலும் இந்தக் கதை முழுவதையும் என் வாயாலேயே சொல்கிறேன். எனக்கு அவமானம்தான். படட்டும். நானும் இப்போது மூக்கில் கண்ணாடியோடுதான் வருகிறேன். யாழினி பார்த்துச் சிரிக்கட்டும்.

இந்தக் கடிதத்தோடு அந்தச் சீட்டையும் வைத்திருக்கிறேன். கிழித்துப் போடக் கை வரவில்லை, இத்தனை வருஷமும் கல்லாப்பெட்டியின் அடித்தாளுக்குக் கீழே இருந்தது. மடிப்பில் கிழிந்துவிட்டது, மை மங்கிவிட்டது, உன் பேரும் வகுப்பும் தெளிவாகத் தெரிகின்றன. நேற்று உன் அம்மாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனவள் இன்னும் என்னோடு பேசவில்லை. நீயும் பேசாமல் இருக்கலாம். பஸ்ஸை விட்டு இறங்கும்போது நீ வந்து நிற்காவிட்டாலும் வழி கேட்டு வந்துவிடுவேன்.

ஒன்றே ஒன்று மட்டும் செய். இதுவரை எழுதியதை எல்லாம் உன் வலது கண்தான் வாசித்திருக்கும். நான் குற்றம் செய்தது அந்தக் கண்ணுக்கு இல்லை. அன்று பஸ்ஸில் நீ கேட்டதற்குப் பதிலை, பின்னால் ஒரு முழுத்தாளில், மூட்டைக்கு அடையாளம் போடும் தூரிகையைக் கறுப்பு மையில் தோய்த்து, எவ்வளவு பெரிதாக எழுத முடியுமோ அவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறேன். வலது கண்ணை உன் கையால் பொத்திக்கொண்டு, அதை இடது கண்ணுக்கு மட்டும் காட்டு.

அப்பாவுக்குத் தெரியும் ஆத்தா.